பாத்து குடுங்க

"பாத்து குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த வீட்டு உரிமையாளருக்கு அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. வழி நெடுக அவர் பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். மாடியில் குடியிருக்கும் இந்த லிஃப்ட் ரிப்பேர் ஆள் எடுத்த எடுப்பில் பெரிய தொகையாகக் கேட்பான். நாம் அதிர்ச்சி அடைந்ததுபோல் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'தம்பி, நியாயமாப் பேசுவோம்' என்று ஆரம்பிக்க வேண்டும். இழுக்க வசதியாக நாற்காலிகூடப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் தொகைதான் வரவில்லை. வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கிய ஆளும் குழாய் அடைப்பு எடுத்துவிட்ட ஆளும் வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு சொல்கிற அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, வலது காலைத் தொடையிலிருந்து பாதம்வரை கட்டுக்குள் வைத்துக்கொண்டு அந்த மனிதர் படுத்திருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாததே அப்போதைக்கு நல்லது என்று வீட்டுக்காரருக்குத் தோன்றியது.

விஷயம் என்னவென்றால், இந்த உலகத்தில் அந்த வார்த்தையை ஒருவரிடம் சொல்லக்கூடாதென்றால் அது இந்த வீட்டுக்காரரிடம்தான். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு காப்பீட்டு ஆபீசின் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தவர். அந்தப் பிரிவுக்கு வந்தவர்கள் எல்லோருமே விழுந்தவர்கள். கடையில் துடைத்துவிட்டுப் பலகை வைக்காத தரையில் வழுக்கியவர்கள், தியேட்டர் இருட்டில் படி தெரியாமல் உருண்டவர்கள், வாடகைக் கட்டடத்தின் துருப்பிடித்த கம்பியோடு சேர்ந்து கீழே வந்தவர்கள். போய்ப் பார்த்து, அளந்து, டாக்டர் சீட்டைப் படித்து, இந்த முழங்கைக்கு இவ்வளவு, இந்த இடுப்புக்கு இவ்வளவு என்று போடுவதுதான் அவர் வேலை. ஒருமுறை ஆபீசில் யாரோ விரலில் கட்டோடு வந்து இனிப்பு நீட்டியபோது, இவர் இனிப்பைப் பார்க்காமல் விரலைப் பார்த்து, "சுண்டு விரல்தானே, அஞ்சு சதவீதம்கூட வராது" என்றார். அன்று வைத்த பெயர் சதவீதம். ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தப் பெயர் வழி தெரிந்து கூடவே வந்துவிட்டது. தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய அசல் பெயர் தெரியாது.

சதவீதத்தின் திறமை கூட்டுவதில் இல்லை. போன சம்பளம், வரப்போகும் வைத்தியச் செலவு, பட்ட வலி என்று கூட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கழிப்பதற்குத்தான் ஆபீஸ் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. விழுந்தவர் போட்டிருந்த செருப்பு தேய்ந்திருந்ததா? கழி. கையில் பை இருந்ததா? கழி. அவசரமாகப் போனாரா, போன் பேசிக்கொண்டே போனாரா, யாராவது முன்னாலேயே எச்சரித்தார்களா? எச்சரித்தது நிரூபணமானால் கண்ணை மூடிக்கொண்டு பாதியைக் கழித்துவிடுவார். அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கணக்கு என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்று மனதார நம்பினார். இத்தனைக்கும் அவருடைய சொந்த வீட்டு மாடிப்படியில், பாதி தூரத்தில், ஒரு படியின் முன்விளிம்பு உடைந்து போய் வெகு நாளாகியிருந்தது.

அந்தப் படியைப் பற்றி லிஃப்ட்காரர் மனைவி மூன்று தடவை சொன்னாள். முதல் தடவை தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்து, சிரித்துக்கொண்டே. இரண்டாம் தடவை வாடகை கொடுக்க வந்தபோது, சிரிக்காமல். மூன்றாம் தடவை சதவீதத்தின் மனைவியிடம், அவர் காதுபடவே, "அக்கா, நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று. மூன்று தடவையும் சதவீதம், "பாத்துக்கலாம்மா" என்றார். அப்படிச் சொன்னபோதெல்லாம் பொய் சொல்வதாக அவர் நினைக்கவே இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காலையும் மாலையும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் மாடி ஏறினாலும், "பாத்து ஏறுங்க, அந்தப் படி கொஞ்சம் சரியில்ல. கைப்பிடியைப் பிடிக்காதீங்க, ஆடுது" என்று குரல் கொடுப்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளுக்குச் சொன்னார், தபால்காரருக்குச் சொன்னார், மாடிக்கு வந்த விருந்தாளிகளுக்கும் விடாமல் சொன்னார். படியைச் சரிசெய்வதற்குப் பதிலாக ஊரையே சரிசெய்துகொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல காரியம் செய்வதாக ஒரு திருப்தி வேறு.

விழுந்த அன்று காலை எங்கோ ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டதாக லிஃப்ட்காரருக்கு அழைப்பு வந்தது. கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சதவீதம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாத்து தம்பி" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சத்தம் கேட்டது. பையிலிருந்த ஸ்பானர்கள் அவருக்கு முன்னால் உருண்டு வந்து வாசலில் விழுந்தன. ஓடிப்போய்ப் பார்த்த சதவீதத்துக்கு முதலில் தோன்றியது 'ஐயோ' இல்லை. 'நான்தான் சொன்னேனே' என்பதுதான். கீழே கிடந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியைப் பிடித்துக்கொண்டிருக்க, இவர் கண் முட்டிக்குப் போகவில்லை, காலில் என்ன போட்டிருக்கிறார் என்று பார்க்கப் போனது. கம்பெனி கொடுத்த நல்ல பூட்ஸ். அடிப்பகுதியில் வரி வரியாகப் பிடிமானம் தேயாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் தனக்குள் ஏமாற்றம் மாதிரி ஒன்று வந்து போனதை சதவீதம் கவனித்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மனைவி கதவைத் திறந்தபடியே கேட்டாள்.

"எவ்வளவு கேக்கறாங்க?"

"ஒண்ணும் கேக்கல. பாத்து குடுங்கன்னுட்டான்."

மனைவி அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "பாத்தீங்களா! வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். ஒரு தொகையைச் சொன்னா கூடக் குறையப் பேசலாம். சொல்லாத ஆள்கிட்ட என்னத்தப் பேசறது? நம்ம தலைலயே கட்டிட்டான்."

"அவன் அப்படி நெனச்செல்லாம் சொல்லலடி."

"நெனக்காமச் சொன்னா இன்னும் மோசம்" என்றாள் மனைவி. அவள் சொன்னது சரிதான் என்று சதவீதத்துக்குப் பட்டது. நினைத்துச் சொன்னவனோடு மல்லுக்கு நிற்கலாம்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஒரு தாளோடு உட்கார்ந்தார். ஆபீசை விட்டு வந்த பிறகு இப்படி உட்கார்ந்தது இல்லை. கை தானாக இடது பக்கம் ஓரம் விட்டுக் கோடு போட்டது. வயது முப்பத்தைந்துக்குள். வேலை, ஏணி ஏறி இறங்குகிற வேலை. முட்டியில் தசைநார் அறுந்திருக்கிறது. கால் மடங்கும், முழுதாக மடங்குமா என்பது பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு ஒருவருடைய கட்டடமாக இருந்தால் என்ன போடுவாரோ அதையே போட்டார். கூட்டி வந்தபோது லிஃப்ட்காரருடைய ஒன்றரை வருஷச் சம்பளத்துக்கும் மேலே போனது. மனைவி எட்டிப் பார்ப்பதற்குள் அந்த எண்ணைக் கையால் மூடிக்கொண்டார். மாடியில் இன்னொரு அறை கட்டுவதற்காகச் சேர்த்து வைத்த பணம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்தது. அது போனால் சோற்றுக்குத் திண்டாட்டம் என்றெல்லாம் இல்லை. ஓர் அறை குறையும், அவ்வளவுதான். அதனால்தான் அவருக்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது.

அடுத்துக் கழிக்க ஆரம்பித்தார். இந்த வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவசரமாக இறங்கினார், கழி. கையில் கனமான பை, கழி. கைப்பிடியைப் பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டு, பேனாவை நிறுத்தினார். பிடிக்காதே என்று சொன்னது யார்? தானேதான். கொஞ்ச நேரம் யோசித்து, அதற்கு முழுதாகக் கழிக்காமல் பாதி கழித்தார். இது என்ன நியாயம் என்று அவரைக் கேட்டால் அவருக்கே பதில் தெரியாது.

"எச்சரிச்சதை எழுதினீங்களா?" என்றாள் மனைவி. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் அவளும் பாதி மதிப்பீட்டாளர் ஆகியிருந்தாள். "தினமும் தொண்டை கிழியச் சொன்னீங்களே. விழற அன்னிக்குக்கூடச் சொன்னீங்க. நானே சாட்சி."

எழுதினார். கண்ணை மூடிக்கொண்டு பாதியைக் கழித்தார். ஆனால் கண்ணைத் திறந்தபோது அந்த வார்த்தை வேறு மாதிரித் தெரிந்தது. இத்தனை நாள் வாசலில் உட்கார்ந்து தான் கூவியது என்ன? ஏறுகிறவர்கள் மேலிருந்த அக்கறையா, அல்லது பின்னால் ஒரு நாள் கழிப்பதற்காகச் சேர்த்து வைத்ததா? அப்படி நினைத்துச் செய்யவில்லை என்பது நிச்சயம். ஆனால் ஒரு சட்டி சிமெண்ட் குழைக்கச் சொல்ல எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரத்தை அவர் குரல் கொடுப்பதில் செலவழித்திருந்தார். காது சுட்டது. பக்கத்தில் மனைவி இருந்ததால் தலையைக் குனிந்து, கூட்டலைச் சரிபார்க்கிற மாதிரி பாவனை செய்தார்.

முடிவில் எட்டு மாதச் சம்பளத்தில் வந்து நின்றது.

"எடுத்த உடனே எட்டையும் தூக்கிக் குடுக்காதீங்க" என்றாள் மனைவி. "நீங்கதானே சொல்லுவீங்க, எப்பவும் ரெண்டு தொகை கொண்டு போகணும்னு."

ஆமாம், அவர்தான் சொல்லுவார். சொல்வதற்கு ஒரு தொகை, கொடுப்பதற்கு ஒரு தொகை. முதல் தொகையிலேயே ஆள் சரி என்றுவிட்டால் இரண்டாவது ஆபீசுக்கு மிச்சம். அன்றே வங்கிக்குப் போனார். இரண்டு உறைகள் வாங்கினார். ஒன்றில் இரண்டு மாதச் சம்பளம், இன்னொன்றில் எட்டு மாதச் சம்பளம். சிறியது பழக்கத்துக்காகத்தான், பெரியதைத்தான் கொடுக்கப்போகிறோம் என்று திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொண்டார். கொடுக்கத் தீர்மானித்தவன் எதற்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அவர் யோசிக்கவில்லை.

லிஃப்ட்காரரை வீட்டுக்குக் கொண்டுவந்து, நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி மாடியேற்றினார்கள். மறுநாள் காலையிலேயே சதவீதம் கொத்தனாருக்குப் போன் செய்தார். மனைவிக்கே ஆச்சரியம். "இவ்வளவு நாள் இல்லாம இப்ப என்ன அவசரம்?" என்றாள். விழுந்த இடத்தை ஆபீஸ் ஆள் வருவதற்குள் பூசி வைத்துவிட்டு, "எந்தப் படி சார்? எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று வரவேற்ற எத்தனையோ கட்டடக்காரர்களை அவர் பார்த்திருக்கிறார். வீட்டுச் சாவியால் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பார். புதுச் சிமெண்ட் பொடிப் பொடியாக உதிரும். அப்போது அந்த முதலாளிகள் முகம் போன போக்கை ஆபீசில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறார். பூசி மெழுகுவது என்று சும்மாவா சொல்கிறார்கள்? இன்று பூசச் சொல்வது இனிமேல் யாரும் விழக்கூடாது என்பதற்காகத்தான் என்று தனக்கே விளக்கம் சொல்லிப் பார்த்தார். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவருக்குத்தான் அதில் நம்பிக்கை வரவில்லை.

கொத்தனார் வந்து, உடைந்த விளிம்பைத் தட்டிக் கழித்துவிட்டுத் தண்ணீர் தெளித்தார். "அரை மணி நேர வேலை சார். இதுக்கா என்னைக் கூப்பிடாம இருந்தீங்க?" என்றார். அவருக்குக் கதை எதுவும் தெரியாது. சதவீதம் காதில் விழாதது மாதிரி அவரைத் தாண்டி மாடியேறினார். சட்டைப் பையில் சிறிய உறை, பேண்ட் பையில் பெரிய உறை.

கூடத்திலேயே கட்டிலைப் போட்டிருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். கருவிப்பை கதவோரம் இருந்தது; சிதறிய ஸ்பானர்களை யாரோ பொறுக்கித் துடைத்து, அளவு வரிசைப்படி உள்ளே செருகி வைத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் எழுந்து உட்காரப் பார்த்தார். "படுங்க தம்பி, படுங்க" என்று சதவீதம் அமர்த்தினார். லிஃப்ட்காரர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். 'வாங்க' என்று மட்டும் சொல்லவில்லை. சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"கம்பெனில என்ன சொல்றாங்க?" என்று சதவீதம் ஆரம்பித்தார்.

"ஆறு மாசம் பாப்பாங்க சார். முட்டி முழுசா மடங்கினாத்தான் திரும்ப ஏணி ஏற விடுவாங்க. இல்லேன்னா ஸ்டோர்ல உக்கார வெச்சுடுவாங்க. அங்க சம்பளம் பாதிதான்." லிஃப்ட்காரர் சிரித்தார். "ஊர்ல உள்ளவங்க எல்லாம் படி ஏறாம இருக்கணும்னு ராப்பகலா உழைச்சேன். படிக்குக் கோபம் வந்துடுச்சு போல."

சதவீதமும் சிரிக்க முயன்றார். சமையலறை வாசலில் சிரிப்பு இல்லை.

"நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றார் லிஃப்ட்காரர். "ஆஸ்பத்திரில எங்க விழுந்தீங்கன்னு கேட்டாங்க. வேற ஒருத்தர் கட்டடம்னா போலீசுக்கு எழுதணுமாம், அவங்க வந்து பாப்பாங்களாம். எதுக்கு உங்களை வயசான காலத்துல அலைய விடணும்? பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிட்டேன். அப்படியே எழுதிட்டாங்க."

சதவீதத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தக் கணத்தில் அவருக்கு வந்தது நன்றி இல்லை, இரக்கம் இல்லை, சுத்தமான நிம்மதி. ஆஸ்பத்திரிச் சீட்டில் பாத்ரூம் என்று எழுதிய பிறகு எந்த ஆபீசும், எந்தக் கோர்ட்டும் இந்தப் படியைப் பற்றிப் பேசாது. எட்டு மாதம் என்ன, எட்டு நாள் சம்பளம்கூட யாரும் வாங்கித் தர முடியாது. தன் கையாலேயே தன் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த மனிதர் அதைத் தனக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது புரிந்த அடுத்த கணம், தனக்கு நிம்மதி வந்தது என்பதும் புரிந்தது. உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் கை சட்டைப் பைக்குப் போனது. கை தானாகப் போனது என்று பிற்பாடு அவர் தன்னைச் சமாதானம் செய்து பார்த்தார். கை எங்கே தானாகப் போகிறது? போ என்று சொன்னதால் போனது.

"இதை வெச்சுக்குங்க தம்பி. என்னால ஆனது."

லிஃப்ட்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிரித்துப் பார்க்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்தார். "உங்க மாதிரி ஓனர் அமையறது பெரிய விஷயம் சார். வேற எடமா இருந்தா காலி பண்ணுன்னு சொல்லியிருப்பாங்க" என்றார். அவர் குரலில் கேலி இருக்கிறதா என்று சதவீதம் உன்னிப்பாகக் கேட்டார். கொஞ்சமாவது இருக்கக்கூடாதா என்று ஏங்கினார். இல்லை.

இறங்கும்போது கொத்தனார் வேலையை முடித்து, விளிம்பைக் கரண்டியால் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். படி முழுவதுமே ஒரு பூச்சுப் பூசியிருந்தார். "காயற வரைக்கும் மிதிக்கக்கூடாது சார், தாண்டி வாங்க" என்றார். சதவீதம் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியைத் தாண்டிக் கீழ்ப்படியில் நின்றார். கைப்பிடியையும் இறுக்கிவிடட்டுமா என்று கொத்தனார் கேட்டார், அதற்கு வேறு ஆள் வேண்டும் என்றும் அவரே சொன்னார், சாந்துச் சட்டியைக் கழுவக் குழாயடிக்குப் போனார். சதவீதத்துக்கு உடனே வீட்டுக்குள் போகப் பிடிக்கவில்லை. உள்ளே மனைவி, 'எதைக் குடுத்தீங்க?' என்று கேட்பாள். சின்னதை என்றால் சந்தோஷப்படுவாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று நின்றார்.

"சார்."

திரும்பிப் பார்த்தார். லிஃப்ட்காரர் மனைவி இறங்கி வந்து, பூசிய படிக்கு மேல்படியில் நின்றாள். கையில் உறை இருந்தது. அவள் முதலில் அவரைப் பார்க்கவில்லை. கீழே, பளபளவென்று ஈரமாக இருந்த படியைப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தான் பூசணுமா சார்?" என்றாள்.

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"உள்ள எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டுத்தான் வந்தேன். அவருக்குத் தெரியாது, வலி மாத்திரைல உடனே கண் அசந்துட்டாரு. பாத்து குடுங்கன்னு அவரு சொன்னாரு. நான் சொல்லல. பாத்ரூம்னு பொய் சொன்னதும் அவருதான், நான் வேணாம்னு சொன்னேன். எனக்கு இப்படியெல்லாம் கேட்டுப் பழக்கம் இல்ல சார். ஆனா நான் மூணு தடவ சொன்னேன், இல்லையா?"

"ஆமாம்மா... சொன்னீங்க."

"அப்ப நான் தொகை சொல்றேன்." ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாடியில் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. வார்த்தைகளெல்லாம் அடுக்கி வைத்த மாதிரி வந்தன. "அஞ்சு மாசச் சம்பளம். இதையும் சேத்துத்தான். அதிகமாக் கேக்கறேன்னு நெனப்பீங்க. ஆனா ஆறு மாசம் அவரு வீட்ல இருக்கணும். எங்களுக்கு வேற வழியில்ல."

ஐந்து. சதவீதத்தின் தொடையில் எட்டு அழுத்திக்கொண்டிருந்தது. இந்தப் பெண் இரவெல்லாம் புரண்டு, புருஷன் தூங்கும் நேரம் பார்த்து, தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்து, பேராசை என்று தானே பயந்துகொண்டு கேட்ட தொகை, அவர் எல்லாவற்றையும் கழித்த பிறகும் மிச்சமிருந்த தொகையை எட்டவில்லை. எடுத்துக் கொடுத்துவிடு என்று உள்ளே ஒரு குரல் தெளிவாகச் சொன்னது. அதே நேரத்தில் வாய் திறந்தது. காய்கறிக்காரரிடமும் செருப்புத் தைப்பவரிடமும், கோப்பைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்த எத்தனையோ விழுந்தவர்களிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"கொஞ்சம் பாத்து சொல்லும்மா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் முகம் மாறியது. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால்கூட நன்றாக இருக்கும். கோபம் வரவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்ற கூச்சம் அவள் கழுத்திலிருந்து மேலேறி முகம் முழுவதும் பரவியது. வெட்கப்பட வேண்டியது யார், வெட்கப்படுகிறது யார்!

"சரி சார்" என்றாள். குரல் பாதியாக இறங்கிவிட்டது. "நாலு."

சதவீதம் பேண்ட் பைக்குள் கையை விட்டார். உறை தடிமனாக இருந்ததால் பையின் வாயில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், பாதி வந்து நின்றது. அவள் அதற்குள் திரும்பி மேலே ஏறப்போகிற மாதிரி ஓர் அடி எடுத்து வைத்தாள். "இரும்மா, இரு" என்று பதறி, அவளை எட்டுவதற்காக அவர் ஒரு படி ஏறினார்.

ஈரச் சாந்தில் செருப்பு சறுக்கியது. கைப்பிடியைப் பிடித்தார், அது ஆடி வெளிப்பக்கம் சாய்ந்தது. அவள் கையிலிருந்த உறை கீழே விழுந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அவள் குனிந்து அவர் முழங்கையை எட்டிப் பிடித்துவிட்டாள். பிறகு இன்னொரு கையாலும் பிடித்தாள். புதுப் படியில் அவர் பாதம் நீளமாக இழுத்துக்கொண்டு போன தடம் விழுந்திருந்தது. பெரிய உறை பாதி பைக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பிடியை விடாமல், அவர் காலை எங்கே ஊன்றுகிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.